பக்கத்து சீட்டின் ஈரம்

காருக்குள் வாடை அடிக்கிறது என்பதை முதலில் வெளியே சொன்னவள் அக்காதான். அம்மா போன பிறகு முதல் முறையாக வெளியூரிலிருந்து வந்திருந்தாள். ரயில் நிலையத்து வாசலில் காரின் பின்கதவைத் திறந்தவள், ஒரு காலை உள்ளே வைத்தபடியே நின்றுவிட்டாள். பிறகு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வழி நெடுக முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தங்கையைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

“என்னடி அது? கிணத்துக்குள்ள உக்காந்து வர மாதிரி இருக்கு!”

“எனக்கும் அடிக்குதுக்கா. ஆனா எனக்கு மட்டும்தான் அடிக்குதோன்னு நெனைச்சேன்.”

“உனக்கு மட்டும் தனியா எவன்டி வாடை அனுப்புவான்?”

சின்னவள் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மருந்துக் கடையில் வேலை. சீட்டைப் படித்து, மாத்திரையை எடுத்து, மறுபடி சீட்டைப் படித்து, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அம்மா அவளுக்கு ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்திருந்தாள். “சந்தேகம் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவாள்.

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள். “அப்பா இருமுறதக் கேட்டியா? டாக்டர் என்ன சொன்னார்?”

“நெஞ்சுல பூஞ்சை போயிருக்குன்னு சொன்னார். ஈரமான எடத்துல உக்காராதீங்கன்னார். அப்பா தலையாட்டிட்டு நேரா போய்க் காருக்குள்ள உக்காந்துட்டார்.”

“அடுத்த தடவை நான் வர்றப்ப இந்த வாடை இருந்துச்சு, ஆள் வச்சு வண்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லிடுவேன். அப்பா என் மூஞ்சியிலயே முழிக்கலேன்னாலும் பரவாயில்ல. ஒருத்தர் போனது போதும்.”

தூக்கிக்கொண்டு போனால் அப்பா என்ன ஆவார் என்பதை அக்கா யோசிக்கவில்லை. சின்னவள் யோசித்தாள்.

அப்பா டிரைவிங் பள்ளியில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் பிடிக்கக் கற்றார்கள். ஆனால் சொந்த வீட்டில் அவர் பருப்பு வேகவில்லை. சின்னவள், கண்ணாடியை ஒரு முறைக்கு நாலு முறை பார்த்துப் பார்த்தே தேர்வில் கோட்டை விட்டவள். அம்மாவோ, “ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்டியரிங் போதும்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவள்தான். பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. காலையில் அப்பா கொண்டுபோய் விடுவார். கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, “சாயங்காலம் வந்துடுறேன்” என்பார். தினமும் அதே வார்த்தைதான்.

கடைசி நாளும் அதைத்தான் சொன்னார். மத்தியானமே அம்மா டோக்கன் கட்டின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போயிற்று. அப்பா காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாயங்காலம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் யாரும் போய் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த வாடை.

சின்னவள் எதையும் ஒவ்வொன்றாகத்தான் செய்வாள். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? முதலில் சமையல் சோடா. சீட்டிலும் கார்பெட்டிலும் மாவு சலித்த மாதிரி தூவி, ஒரு நாள் விட்டு, வேக்யூம் போட்டு உறிஞ்சி எடுத்தாள். இரண்டு நாள் வாடை அடங்கியது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தது. அடுத்தது வினிகர். தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துக் கூரையிலிருந்து கதவின் உள்பக்கம் வரை துடைத்தாள். கார் ஊறுகாய் ஜாடியாயிற்று. ஊறுகாய் வாசம் போனதும் பழைய வாடை அப்படியே இருந்தது. அடுப்புக்கரியைத் துணிப்பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்தாள். ஏசி ஃபில்டரை மாற்றினாள். நாலு கதவையும் திறந்து வெயிலில் நிறுத்தி, தானும் ஒரு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பாள். போய்விட்டது போலிருக்கும். வெளியே வந்து மூச்சை விட்டு மறுபடி தலையை விடுவாள். இருப்பது போலிருக்கும். தன் மூக்கின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

கடைசியில் மானத்தை விட்டு ‘செண்ட்டு’வின் கார் கழுவும் கடைக்குப் போய் அவரைக் கையோடு அழைத்துவந்தாள். எந்தக் கார் வந்தாலும் வாசனை அடித்து அனுப்புவதால் அவருக்கு அந்தப் பெயர்.

“மாஸ்டர் வண்டியா? அவர் என் காதைத் திருகித்தான் எனக்கு கிளட்ச் சொல்லிக் குடுத்தார். விடு தங்கச்சி, நான் பார்த்துக்கறேன்” என்று மல்லிகை வாசனை மருந்தைப் புகையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். திறந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

“அண்ணே, பூஞ்சைக்குப் பூ வச்சு விட்ட மாதிரி இருக்கு” என்றாள் சின்னவள்.

செண்ட்டு தலையைச் சொறிந்தார். “இது மேலாக்க இருக்கற வாடை இல்ல தங்கச்சி. அடியில எங்கயோ ஈரம் இருக்கு. கண்டுபிடிக்காம எது அடிச்சாலும் இந்தக் கூத்துதான்.”

எங்கே இருக்கிறது என்று அவரும் தேடினார். டிக்கி காய்ந்துதான் இருந்தது. கதவு ரப்பர் எல்லாம் நன்றாக இருந்தது. மழையும் பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. பெய்யாத மழை எப்படி உள்ளே வரும்?

அந்த வாரத்தில்தான் மணி அடிக்க ஆரம்பித்தது.

சின்னவளை மருந்துக் கடையில் விடுவதற்காக அப்பா காரை எடுத்தார். அவள் எப்போதும் பின்சீட்டில்தான். முன்னால் அம்மாவின் சீட் காலியாக இருந்தது. தெருவைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, டிங், டிங் என்று மணி அடித்தது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் அடிக்கிற மணி.

அப்பா காலி சீட்டைப் பார்த்தார். காரை ஓரமாக நிறுத்தினார். நிதானமாகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, யாருடைய மடியையோ நசுக்கிவிடக் கூடாது என்பதுபோலச் சற்றுத் தூக்கினாற்போல் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டினார். மணி நின்றது.

“சொன்னா கேக்கறதே இல்ல” என்றார், சீட்டைப் பார்த்து.

அப்பாவின் குரலில் பயம் இருந்திருந்தால் பின்னால் இருந்த சின்னவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அதில் சந்தோஷம் இருந்தது.

அன்றிலிருந்து அப்பா அந்த பெல்ட்டைக் கழற்றவே இல்லை. காலி சீட்டின் மேல் குறுக்காக இறுகிக் கிடந்தது.

கால் தடம் அதற்கடுத்துத் தெரிந்தது. காலையில் அப்பா காரைக் கழுவி முடித்து, உள்ளே துடைக்கக் கதவைத் திறந்தவர், சின்னவளைக் கூப்பிட்டார். கத்தவில்லை, தூங்குகிறவரை எழுப்பாமல் கூப்பிடுகிற குரல்.

“இங்க வந்து பாரு.”

அம்மாவின் சீட்டுக்கு முன்னால், சாம்பல் நிற கார்பெட்டில், இரண்டு பாதங்களின் அளவுக்கு ஈரம் கறுத்திருந்தது. சுற்றிலும் காய்ந்த கார்பெட். இடது பாதம் சீட்டை ஒட்டி இருந்தது. வலது பாதம் முன்னால் தள்ளி, நீளமாக, அழுத்தமாக இருந்தது.

“வலது காலைப் பார்த்தியா?” என்றார் அப்பா. “பிரேக் போட்டிருக்கா.”

சின்னவளுக்கு அது புரிந்தது. அதுதான் கொடுமை. அம்மா ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவாள். வழுக்குகிறது என்று காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை எப்போதோ டிக்கியில் தூக்கிப் போட்டிருந்தாள். முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தாலும் அவளுடைய வலது கால் தானாக நீண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கும். “டிரைவிங் ஸ்கூல் வண்டியில எனக்குப் பக்கத்துல ஒரு பிரேக் இருக்கும். உனக்கும் ஒண்ணு வச்சுத் தரட்டுமாடி?” என்று அப்பா கேலி செய்வார். “நீங்க ஓட்டற லட்சணத்துக்கு ரெண்டா வச்சுக் குடுங்க” என்பாள் அம்மா.

அப்பா கார்பெட்டின் ஈரத்தைத் தொட்டு விரலை மோந்தார். இருமினார். இருமலுக்கு நடுவே சொன்னார்: “அன்னிக்குச் சாயங்காலம் வந்துடுறேன்னு சொன்னேன். போகல. எவ்ளோ நேரந்தான் நிப்பா? அவளே வந்துட்டா.”

“அப்பா, அது ஈரம்ப்பா.”

“ஆமா. நனைஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கா.”

சின்னவள் உள்ளே போனாள். சமையலறையில் நின்று, வாடையைத் துரத்த வேண்டும் என்று தான் செய்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். சோடா, வினிகர், கரி, புகை. யாரைத் துரத்த இத்தனையும் செய்தோம் என்ற நினைப்பு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் இருமல் காருக்குள்ளிருந்து கேட்டது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் அது தூரத்தில் யாரோ மரத்தில் தட்டுவது போலிருந்தது.

அந்த இருமலே அவரைப் படுக்கையில் தள்ளியது. காய்ச்சல் கண்டு எழ முடியாமல் கிடந்தார். அப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி, மரத்தடியில் நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். சின்னவள் லீவு சொல்லிவிட்டுக் கஞ்சியும் மருந்துமாகக் கூடவே இருந்தாள். “பின்ன, மருந்துக் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டியா?” என்று அவர் கிண்டல் செய்யும்வரை அவளுக்கு உயிர் வரவில்லை.

அவர் தூங்கும் நேரத்தில் காரைத் திறந்து பார்த்தாள். முதல் நாள் தடம் இருந்தது. பிறகு விளிம்பு மங்கியது. பிறகு கை வைத்தால் குளிர்ச்சி மட்டும் இருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்ட அன்று கார்பெட் காய்ந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருகிப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை. வாடையும் பாதியாகக் குறைந்திருந்தது. குறைந்திருந்ததா? வெளியே போய் மூச்சு விட்டு வந்து மறுபடி மோந்தாள். குறைந்துதான் இருந்தது. பெல்ட்டை இருந்தபடியே மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக, ஏமாற்றம்.

அப்பா எழுந்தார். எழுந்த அன்றே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் குழாயை இழுத்தார்.

“இப்பத்தான காய்ச்சல் விட்டுச்சு, ஒரு நாள் கழுவலேன்னா என்னப்பா?”

“அழுக்கு வண்டியில அவ ஏற மாட்டா.”

கழுவினார். வழக்கம்போலக் கூரையில் ஆரம்பித்து, முன் கண்ணாடியில் குழாயை நெடுநேரம் பிடித்து, பிறகு பானெட். அது அவருடைய பல வருஷப் பழக்கம். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது இரண்டு கால் தடமும் திரும்பி வந்திருந்தன. வலது கால் முன்னால். அப்பாவின் முகத்தில் சிரிப்பு பரவியது.

சின்னவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். படுத்திருந்த நாட்களில் நின்றுபோனது என்ன? கார் ஓடவில்லை. அப்பா அதில் உட்காரவில்லை. கழுவவில்லை. இந்த மூன்றில் ஒன்று. காரை ஓட்டச் சொல்லிப் பார்த்தால் ஆயிற்று, உட்காரச் சொல்லிப் பார்த்தால் ஆயிற்று. ஆனால் அவள் மனசு மூன்றாவதன் மேல்தான் நின்றது. பல வருஷமாக இதே குழாய், இதே தண்ணீர். அப்போதெல்லாம் வராத ஈரம் இப்போது ஏன்? நான் நினைப்பது தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

“அப்பா, இன்னிக்கு நீங்க கழுவுங்க. நான் உள்ள உக்காந்துக்கறேன்.”

“உள்ளயா? எங்க?”

“முன்னாடி. கீழ.”

அப்பா யோசித்தார். “அவ மேல இடிக்காம உக்காரு” என்றார்.

அவள் தடத்தின் ஈரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பெல்ட்டைத் தொடாமல், அம்மாவின் சீட்டுக்கு முன்னால் இருந்த குழியில் குறுகி உட்கார்ந்து, டார்ச்சை டேஷ்போர்டின் அடிப்பக்கம் பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தால் தெரியட்டும் என்று சாவியையும் திருகி வைத்திருந்தாள். கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் கூரையில் விழுந்தது. கண்ணாடிகளில் வழிந்து திரை போட்டது. வெளியே நல்ல காலை வெயில். உள்ளே பச்சை கலந்த அரை இருட்டு. அப்பாவின் உருவம் கண்ணாடிக்கு அப்பால் நெளிந்து, உடைந்து, சேர்ந்து நகர்ந்தது. அக்கா சொன்னது சரி. கிணற்றுக்குள் உட்கார்ந்து மேலே பார்ப்பது போலத்தான் இருந்தது.

வாடை மெல்ல எழும்பியது. ஈரச் சாக்கு, அழுகின இலை, மூடியே வைத்த அலமாரி. அவள் முகத்துக்கு நேர் மேலே, காற்று வரும் பெட்டியின் விளிம்பில், ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது. விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் பிடித்தாற்போல் ஒழுகத் தொடங்கி, கார்பெட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கார்பெட் கறுத்தது. முதலில் குதிகால். பிறகு நடுப்பாதம். பிறகு விரல்கள் இருக்க வேண்டிய இடம். யாரும் மிதிக்காமல், அவள் கண் முன்னாலேயே, ஒரு பாதம் மெல்ல ஊன்றி நின்றது.

எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகும் அவள் அதன் மேல் படாமல் முழங்காலை இழுத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு வேறு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாள்.

“என்ன? பார்த்தியா? பேசினாளா?” அப்பா குழாயோடு நின்றார்.

“பானெட்டைத் திறங்கப்பா.”

கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தில், சல்லடை போட்ட மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினாள். உள்ளே இலைகள். மேலே விழுந்தவை பழுப்பாக, அடியில் கிடந்தவை கறுத்துக் கூழாகி, வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி. தண்ணீர் போகிற இரண்டு பக்கத்து ஓட்டைகளும் அடைத்துக் கிடந்தன. குளம் கட்டி நின்ற தண்ணீர் வேறு வழியில்லாமல், வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கையைவிட்டு அள்ளினாள். வாடை முகத்தில் அறைந்தது. அதே வாடை.

மேலே மரம் நின்றது. இலை உதிர்ந்துகொண்டேதான் இருந்தது. எத்தனையோ வருஷமாக.

“இத்தன நாளும் இது அடைக்கலையேப்பா. நீங்க எடுப்பீங்களா?”

“நானா? நான் தண்ணி ஊத்துவேன். இலை பொறுக்கறது...” அப்பா நிறுத்தினார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. “அது அவ வேலை. ஏறறதுக்கு முந்தி வண்டிக்கு முன்னாடி வந்து நிப்பா. வெடுக் வெடுக்குனு எடுப்பா. நேரமாச்சுடி, வீட்டுக் குப்பை பத்தாதா உனக்குன்னு ஹாரன் அடிப்பேன்.”

சின்னவளுக்கு அம்மாவின் கைப்பை ஞாபகம் வந்தது. அம்மாவின் பொருட்களை எடுத்து வைத்தபோது அந்தப் பையின் வெளி அறைக்குள் கையை விட்டாள். விரல் முழுக்க இலைத் தூள். இது எப்படி இதற்குள் வந்தது என்று அப்போது குழம்பி, உதறிவிட்டு மறந்துபோனாள். அம்மா, தெருவில் போட மனசில்லாமல் அந்தப் பையில் திணித்துக்கொண்டு, கிளினிக் குப்பைக்கூடையில் கொட்டியிருப்பாள். தினமும். யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல்.

அப்பா குழாயை மூடவில்லை. கையில் வைத்துக்கொண்டே பள்ளத்தையும் கார்பெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப அவ வரல” என்றார்.

சின்னவள் போய்க் குழாயை மூடினாள்.

“அவ இல்லாததாலதான் தண்ணி வந்திருக்கு. நான்தான் தினமும் ஊத்தியிருக்கேன்.” அவர் காரின் மேல் கை வைத்துச் சாய்ந்தார். இருமல் வந்தது. இருமி முடித்ததும் முகத்தைத் துடைத்தார். இருமலால் வந்த ஈரம்தானா அது என்று அவள் பார்க்கவில்லை.

செண்ட்டு வந்து சீட்டை இறக்கினார். சீட்டுக்கு அடியில் இருந்த ஒயர் முனை பச்சை பிடித்திருந்தது. “இதுல ஈரம் ஏறினா ஆள் இல்லாமலே மணி அடிக்கும், பெல்ட் மாட்டியிருந்தாலும் விளக்கு எரியும் மாஸ்டர்” என்று சுத்தம் செய்தார். கார்பெட்டைத் தூக்கியபோது அடியில் இருந்த தடிமனான ஸ்பாஞ்ச் மெத்தை தண்ணீரும் கறுப்புப் பூஞ்சையுமாகப் பிதுங்கியது. அதை வெயிலில் விரித்தார்கள்.

அதில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. இத்தனை வருஷம் அம்மாவின் பாதங்கள் அழுத்தி அழுத்தி மெத்தையைத் தேய்த்துப் பள்ளமாக்கியிருந்தன. இறங்கிய தண்ணீர் அங்கே தேங்கி, அங்கிருந்து மேலே கசிந்திருக்கிறது. இடது பள்ளம் லேசாக. வலது பள்ளம் முன்னால் தள்ளி, ஆழமாக, கிட்டத்தட்டக் கிழியும் அளவுக்கு.

அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வலது பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

“என்னை நம்பவே இல்ல பாரு கடைசி வரைக்கும்” என்றார். குரல் சிரிக்கப் பார்த்தது. “இத வச்சுக்கலாமா? காய வச்சு?”

சின்னவள் அவர் விரல்களில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தாள். அவர் மூச்சில் கீச்சென்ற சத்தம் கேட்டது. வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கழுவினால் பூஞ்சை போய்விடுமோ? வெயிலில் போட்டால் செத்துவிடுமோ? எல்லாவற்றையும் இரண்டு முறை யோசிக்கிறவள், இதை யோசித்தால் சொல்ல முடியாது என்று தெரிந்து, யோசிப்பதற்கு முன்னால் சொன்னாள்.

“வேண்டாம்ப்பா. இது உங்க நெஞ்சுக்குள்ள போகுது.”

அப்பா தலையைத் தூக்கவில்லை. “அவ காலு.”

“அம்மா கால் இல்ல. அம்மா வச்ச எடம். அம்மா இருந்திருந்தா இந்நேரம் இதைத் தூக்கி வீசியிருப்பா. உங்களையும் சேர்த்துத் திட்டியிருப்பா.”

நெடுநேரம் கழித்து அவர் கையை எடுத்தார். அவரே மடித்தார். அவரே சாக்கில் போட்டார். வாயைக் கட்டும்போது மட்டும் செண்ட்டு உதவி செய்தார். அன்றைக்கு அவர் எந்த வாசனையும் அடிக்கவில்லை.

கார் பல நாள் கதவு திறந்து வெயிலில் நின்றது. புது மெத்தை போட்டு, கார்பெட்டை விரித்து, சீட்டைப் பூட்டினார்கள். அதே கையோடு அப்பா மறுபடி பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டில் மாட்டினார். சின்னவளின் மனசு சொத்தென்று விழுந்தது. இவ்வளவும் செய்து எதுவும் மாறவில்லையா? நாளைக்கு அக்கா வருகிறாள்.

அக்காவை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரப் போகும் காலையில், அப்பா ஏறுவதற்கு முன்னால் காருக்கு முன்னால் போய் நின்றார். வைப்பர் பள்ளத்தில் இரண்டு இலைகள் கிடந்தன. எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சின்னவள் வழக்கம்போலப் பின்னால் ஏறினாள். உள்ளே ரப்பர், பிளாஸ்டிக், கொஞ்சம் வெயில். வேறெதுவும் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இல்லை. மறுபடி உறிஞ்சவில்லை.

தெருவைத் தாண்டினார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அப்பாவின் கண் பக்கத்து சீட்டுக்குப் போய் வந்தது. காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கார் அவ்வளவு அமைதியாக ஓடி அவள் பார்த்ததில்லை.

ரயில் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராகப் போய், பல் டாக்டர் கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே, டோக்கன் மேஜையில், வேறொரு பெண் உட்கார்ந்து பேனாவை உதறிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் உதடு அசைந்தது. அடுத்த வார்த்தை என்ன என்று சின்னவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் சாயங்காலமும் இங்கே வந்து நிற்பார். நாளைக்கும் நிற்பார். அவள் முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கையை நீட்டிக் கொக்கியை அழுத்தினார்.

“சரி. இறங்கிக்க” என்றார்.

பெல்ட் சர்ரென்று மேலே ஓடிக் கதவோரம் மோதி நின்றது. ஒருவர் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்துவதற்கு ஆகிற நேரம் வரை அவர் காத்திருந்தார். சாயங்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கண்ணாடியில் சின்னவளைப் பார்த்தார். “முன்னாடி வா. பின்னால உக்காந்துக்கிட்டு முறைச்சு முறைச்சுப் பார்த்தா எனக்குப் பேய் மாதிரி இருக்கு.”

அவள் இறங்கி, முன்கதவைத் திறந்து, ஒரு கணம் தயங்கி, உட்கார்ந்தாள். சீட் சில்லென்று இருந்தது. கார் நகர்ந்ததும் டிங், டிங் என்று மணி அடித்தது.

“பெல்ட்டு!” என்றார் அப்பா, பழைய மாஸ்டர் குரலில்.

மாட்டினாள். மணி நின்றது. தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். அதே நேரத்தில் சின்னவளின் வலது கால் தானாக நீண்டு, புது மெத்தையின் மேல், இல்லாத ஒன்றை அழுத்தி ஊன்றியது.

அப்பா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.